வில்லங்கச் சான்று

செப்டம்பர் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை மாலை, என் பேத்தியைப் பார்க்க ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. அன்று காலை காபி குடித்த கையோடு ஹாலில் இருந்த சோபாக்களை இடம் மாற்றச் சொன்னேன். என் மகன் ஸ்ரீநிவாஸ் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். ஒரு மீட்டிங்கைப் பாதியில் விட்டு வந்து, ஏன் என்று கேட்காமல் நகர்த்திக் கொடுத்தான். ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

பெரிய சோபா சமையலறைப் பக்கம் வந்தது. அதில் ப்ரியம்வதா முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது எழுந்து நின்றால் போதும். நடக்கக் கூடாது. தட்டுகளை அவள் அம்மா ராஜலக்ஷ்மி கொண்டுவருவாள். அவர்கள் கிளம்பும்போதும் நின்ற இடத்திலேயே கை கொடுத்துவிடலாம்.

"மாமா, இது பொண்ணு பாக்கறது இல்ல," என்றாள் என் மருமகள். ஆனால் வாழைக்காயைச் சீவிக்கொண்டேதான் சொன்னாள். பஜ்ஜியும் கேசரியும் வேண்டும் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

பெண் பார்ப்பது இல்லைதான். ஆனால் வெளியூரிலிருந்து இரண்டு பேர் காரில் ஐந்து மணி நேரம் வந்து, ஒரு வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்ணையும் அவளைப் பெற்றவர்களையும் பார்த்துவிட்டுப் போய் முடிவு சொல்வார்கள் என்றால், அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ப்ரியம்வதாவுக்குப் பதினேழு வயது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அமெரிக்காவில் டாலஸுக்குப் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடம் படிக்கிறாள். எட்டு வயதில் கூடைப்பந்து ஆட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயதானபோது, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஊர் பார்க்க ஓடுவது நம் குடும்பத்துக்கு ஏற்றதல்ல என்று சொன்னேன். என் பேச்சு எடுபடவில்லை. அதற்கு அடுத்த வருடம் நானே நோட்டுப் புத்தகம் வாங்கி அவள் ஆட்டங்களுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். எழுதுகிறவன் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக ஆட்டத்தின் விதிகளைப் படித்தேன்.

அப்படித்தான் மற்ற விஷயங்களும் தெரிந்தன. இந்த நாட்டில் நன்றாக ஆடும் பெண்களைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே தேடி வருகின்றன. கோடை விடுமுறையில் கிளப் அணிகளுக்கான போட்டிகள் நடக்கும். டாலஸில் விமானம் நிறுத்தும் கொட்டகை போன்ற ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு ஆடுகளங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வரிசை மடக்கு நாற்காலி. அவற்றில் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் தங்கள் கல்லூரி நிறத்தில் காலர் வைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். போட்டி நடக்கும்போது ஆடும் பெண்ணோடும் அவள் வீட்டாரோடும் அவர்கள் பேசக் கூடாது என்பது விதி. எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார்கள். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

பந்து போடுவதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்தால் பெண் எப்படி வந்து உட்காருகிறாள், உள்ளே போனவளுக்குக் கை தட்டுகிறாளா, தண்ணீர் பாட்டிலை நீட்டும் அம்மாவிடம் எரிந்து விழுகிறாளா என்றெல்லாம் பார்ப்பார்களாம். நாம் பெண் பார்க்கப் போன வீட்டில் கொல்லைப்புறம் வரை எட்டிப் பார்த்தது போலத்தான்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் கோச் ஹாலோவே. ஐம்பது வயதுப் பெண்மணி, ஆறடிக்கு மேல் உயரம். ஜூன் மாதம் எங்கள் எல்லோரையும் தன் கல்லூரிக்கு வரச் சொல்லி, ஆடுகளத்தையும் நூலகத்தையும் சுற்றிக் காட்டி, ப்ரியம்வதாவுக்கு நான்கு வருடப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னார். வாயால் சொன்னதுதான். நவம்பரில் கையெழுத்தானால்தான் செல்லும். வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் மூத்த பெண்களுக்கே இப்போதெல்லாம் இடம் போய்விடுகிறது, பள்ளியிலிருந்து இந்த ஆண்டு ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுக்கப் போகிறேன் என்றும் சொன்னார்.

அன்று திரும்பி வந்த உடனே நான் பதினான்கு வீடுகளுக்கு போன் செய்தேன். மாம்பலம், மயிலாடுதுறை, பெங்களூரு, லிவர்மோரில் இருக்கும் என் மைத்துனர் பிள்ளை, நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை. இங்கே அனுமார் கோயிலில் மாரிசாமியைப் பார்த்தபோதும் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டார்.

"பந்து போட்டா படிப்பு ஃப்ரீயா சார்?" என்றார். "நான் பந்து போட்டப்ப எங்கப்பா உதைதான் ஃப்ரீயா குடுத்தாரு."

சிரித்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

ஆகஸ்ட் மாதம் பத்தாம் தேதி வீட்டு வாசலில், காரேஜ் மேல் மாட்டியிருக்கும் வளையத்தில் பந்து போட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது ப்ரியம்வதாவின் இடது முழங்கால் பிசகியது. ஸ்கேன் எடுத்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. தைக்க வேண்டும், தைத்தால் ஐந்து மாதத்தில் பழையபடி ஆடலாம், ஆனால் பள்ளியின் கடைசி வருட ஆட்டம் போய்விடும் என்றார் டாக்டர். கூடவே, தள்ளிப்போட்டால் கிழிசல் பெரிதாகலாம் என்றும் சொன்னார். எங்கள் வாசலில் நடந்த விஷயம். எந்தப் பயிற்சியாளரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். நவம்பரில் கையெழுத்து. கையெழுத்து ஆன மறு வாரமே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம். அதுவரை முழங்கால் பேச்சு இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பள்ளியில் கேட்டால் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லிக்கொள்ளட்டும். ஸ்ரீநிவாஸ் தரையைப் பார்த்தான். ராஜலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ப்ரியம்வதா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவுத் துறையில் இருந்தேன். எழுத்தராகச் சேர்ந்து சீர்காழியில் சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். நிலம் வாங்க வருகிறவன் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. அந்த நிலத்தின் மேல் அடமானம் இருக்கிறதா, ஏற்கெனவே யாருக்காவது விற்றிருக்கிறார்களா என்று பழைய பதிவுகளைப் புரட்டி, இருந்தால் இருக்கிறது என்றும் இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விற்கிறவனுக்கு வேண்டியவர்கள் என் வீட்டுக்கு வாழைத்தார் அனுப்பியதுண்டு. அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாஞ்சிநாதன் கையெழுத்தை நம்பி நிலம் வாங்கலாம் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவன்தான் சோபாவை நகர்த்தினேன். முதல் தடவையும் இல்லை.

என் தங்கை பர்வதத்துக்குச் சின்ன வயதில் அம்மை வந்து வலது காது கேட்காமல் போயிற்று. 1973இல் அவளைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. எனக்கு இருபத்தைந்து வயது, நான்தான் வீட்டுக்குப் பெரியவன். கூடத்தில் பாயை நான்தான் விரித்தேன். அவளுடைய வலது பக்கம் சுவர் வரும்படி, இடது காது வந்தவர்களைப் பார்த்திருக்கும்படி விரித்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைத் தனியாக அழைத்து, குறை ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அந்தக் கல்யாணம் நடந்தது. அவள் நன்றாகவே இருந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோச் ஹாலோவே சரியாக ஐந்து மணிக்கு வந்தார். கூட ஓர் இளம் பெண், உதவிப் பயிற்சியாளர். இருவரும் யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றினார்கள். என் செருப்புக்குப் பக்கத்தில் அந்த ஷூக்கள் படகு போலக் கிடந்தன. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் பழமாவது வாங்கி வர மாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது. விதிப்படி ஒரு டீஷர்ட் கூடத் தரக் கூடாது என்று ஸ்ரீநிவாஸ் பிறகு சொன்னான்.

ப்ரியம்வதா சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். கோச் அவளைக் கட்டிக்கொண்டு, உடனே உட்காரச் சொன்னார். அந்த "உட்கார்" கொஞ்சம் அவசரமாக வந்தது போல அப்போதே எனக்குப் பட்டது. கவனிக்காமல் விட்டேன். என்னிடம் வந்து கை கூப்பி, "தாத்தா" என்றார். பிறகு பஜ்ஜி சாப்பிட்டார். நான்கு சாப்பிட்டார். கேசரியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு, ராஜலக்ஷ்மி சொல்லச் சொல்ல உதவியாளரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். படிப்பு, விடுதி, சைவச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி உண்டா என்று முக்கால் மணி நேரம் போயிற்று. என் ஸ்கோர் நோட்டுகளை ஸ்ரீநிவாஸ் கொண்டுவந்து காட்டினான். கோச் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "நீங்கள் அவள் விட்ட பந்துகளையும் எழுதியிருக்கிறீர்கள்," என்றார்.

"எழுத வேண்டும் அல்லவா," என்றேன். நான் பேசியது ஆங்கிலத்தில்தான். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். மேலே பேசுவதற்கு முன், ப்ரியம்வதாவின் உடல்நிலை பற்றித் தான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ஸ்ரீநிவாஸ் என்னைப் பார்த்தான். ராஜலக்ஷ்மி காலித் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். கேள்வி யாரிடம் கேட்கப்பட்டிருந்தாலும் பதில் என்னுடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்றும் இல்லை, அவள் பூரண ஆரோக்கியமாக இருக்கிறாள் என்றேன்.

கோச் தலையை அசைத்தார். போட்டிகளில் எதிரே வரும்போது அசைப்பார்களே, அதே மாதிரி.

"தாத்தா," என்றாள் ப்ரியம்வதா. "ஷி ஆல்ரெடி நோஸ்."

ஸ்கேன் வந்த மறு நாளே அவள் கோச்சுக்கு போன் செய்திருக்கிறாள். படங்களையும் அனுப்பியிருக்கிறாள். வீட்டில் பெரியவர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை, அவர்களே சொல்லட்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். ஒரு மாதமாக அவர் காத்திருந்திருக்கிறார். இதையெல்லாம் கோச் நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. "எனக்கு ப்ரியம்வதா மேல் சந்தேகம் இல்லை. முழங்கால் தைத்தால் சரியாகும். ஆனால் என்னிடம் பதினைந்து பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு அடிபட்டால் அதை யாரும் மறைக்காமல் இருக்க வேண்டும். மறைத்தால் கால் போய்விடும். நான்கு வருடம் அவளோடு இந்த வீடும் எனக்கு வேண்டும். அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது." இதே இடத்துக்கு வேறு ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

வாசல் வரை போய் வழியனுப்பினேன். ஷூவை மாட்டிக்கொண்டு எனக்கு மறுபடியும் கை கூப்பினார். நானும் கூப்பினேன். என் வீட்டில், என் குடும்பத்தார் முன்னால், இதுவரை எனக்கு அப்படி ஒரு நிலை வந்ததில்லை.

உள்ளே வந்தபோது ராஜலக்ஷ்மி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் மாமா நானும் வாயை மூடிட்டு இருந்தேன். அவ என் பொண்ணு. நான்தான் முதல்ல பேசியிருக்கணும்." பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் கோபமாகச் சொன்னதில்லை. சொன்னபோதும் மாமா என்பதை விடவில்லை.

ப்ரியம்வதா வாசலில் இருந்தாள். குதிக்காமல், நின்ற இடத்திலிருந்தே வளையத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். காரேஜ் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"யூ வுட் ஹாவ் செட் நோ."

"பதினாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கேன் நான்."

பந்து வளையத்தில் பட்டு என் பக்கம் உருண்டு வந்தது. அவள் வந்து எடுத்துக்கொண்டாள். வந்தபோது இடது காலை ஒரு நூல் தாமதமாக வைத்தாள். ஒரு மாதமாக எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த நூல்.

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் தாத்தா," என்றாள், தமிழில்.

மறு நாள் காலை பத்து மணிக்கு நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் பர்வதத்துக்கு போன் செய்தேன். அவள் கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது; மகன் வீட்டில் இருக்கிறாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சோபாவை நகர்த்தியதையும் சொன்னேன்.

"பாய் மாதிரியா?" என்றாள்.

அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. ஆமாம் என்றேன்.

ஐம்பது வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று அவள் பேசினாள். கல்யாணம் ஆகி முதல் மூன்று வருடம், அவள் புகுந்த வீட்டில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். மாமியார் வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாத்தனார் பேசிக்கொண்டே இருக்கும்போது எழுந்து போய்விடுவாள். காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். அண்ணன் இல்லை என்று சொல்லியிருக்கிறான், அண்ணனைப் பொய்யனாக்கக் கூடாது என்று திமிர் பிடித்தவளாகவே இருந்தாள்.

"தெருவுல போனா அவருக்கு வலப்பக்கமாவே நடப்பேன் அண்ணா. மூணு வருஷம். அப்பத்தானே அவர் பேசறது இந்தக் காதுல விழும். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல இடம் மாறிப் போச்சு. பஸ் வந்தது தெரியல. அவர் இழுத்தார். அன்னைக்குத்தான் அவருக்குத் தெரியும்."

"என்ன சொன்னார்?"

"உங்கண்ணன் பதிவு ஆபீஸ்ல தானே இருக்கார்னு கேட்டார். அவ்வளவுதான்."

ராஜலக்ஷ்மி அன்று என்ன சமைத்தாள் என்று பர்வதம் கேட்டாள். நான் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

முப்பத்தொரு வருடத்தில் அரசாங்கத்துக்காக ஒரு பொய்ச் சான்று கூடக் கொடுத்தவனில்லை நான். வீட்டுக்காக இரண்டு கொடுத்திருக்கிறேன். முதலாவதைத் திருத்த வழியில்லை. இரண்டாவதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் இருந்தது.

வெள்ளைத் தாள் ஒன்று எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு மெசேஜ் போட்டால் போதும், நானே டைப் பண்ணித் தருகிறேன் என்றான் ஸ்ரீநிவாஸ். கையால்தான் எழுதுவேன் என்றேன். ஆபீஸில் எழுதும் முறையில் ஆங்கிலத்தில் எழுதினேன். யாரைப் பற்றியது, எந்தத் தேதியில் அடிபட்டது, எந்தக் கால், டாக்டர் சொன்னது என்ன, அவர் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லியும் தள்ளிப்போட்டது யார். மறைக்கச் சொன்னவர் கீழே கையெழுத்திட்டிருப்பவர். மகனும் மருமகளும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். விண்ணப்பதாரர் எதையும் மறைக்கவில்லை. இனி இந்த வீட்டிலிருந்து இப்படி நேராது. முழுக் கையெழுத்து, தேதி, ஊர். மன்னிப்பு என்ற சொல்லை முதலில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்தேன். சான்றில் அதற்கு இடம் எங்கே வரும் என்று தெரியவில்லை. கடைசியில் கையெழுத்துக்கு மேலே அதற்கென்று ஒரு வரி சேர்த்தேன்.

ப்ரியம்வதாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"விண்ணப்பதாரர் நானா?"

"நீதான்."

"இது எல்லாம் அனுப்பணுமா தாத்தா? அவங்களுக்குத் தெரியுமே."

"நீ சொல்லித் தெரியும். நான் சொல்லித் தெரியாதே."

போனில் படம் எடுத்து அனுப்பினாள். உடனே பதில் ஒன்றும் வரவில்லை. மறு நாளும் வரவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தபோது மாரிசாமி, பேத்தியைப் பார்க்க வந்தார்களாமே, என்ன ஆயிற்று என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜூன் மாதமே முடிந்துவிட்டது என்று சொன்னவன் நான்தான். அவருக்கும் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அவர் கேலி ஒன்றும் செய்யவில்லை. தன் முழங்கால்கள் இரண்டும் மாற்றியவை என்று வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். ஆறு வருடமாகப் பழகுகிறோம். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. ப்ரியம்வதா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் ஆறியது. முதலில் உள்ளே பேச்சு கேட்டது. பிறகு வெகு நேரம் பேச்சே கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டலாமா என்று ஸ்ரீநிவாஸ் கண்ணாலேயே கேட்டான். வேண்டாம் என்று கை காட்டினேன். அது அவளுக்கு வந்த போன்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வந்து எங்களோடு உட்கார்ந்து, தட்டில் சாதம் போட்டுக்கொண்டு, சொன்னாள். அந்த இடம் அவளுக்குத்தான். ஆனால் நவம்பர் வரை தள்ளிப்போடக் கூடாது. ஆபரேஷன் உடனே நடக்க வேண்டும், அறிக்கையெல்லாம் கல்லூரி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் முன்பே சொன்னதுதான் என்றாலும், பள்ளியின் கடைசி வருடம் ஓர் ஆட்டம் கூடக் கிடையாது என்பது இப்போது உறுதியாயிற்று. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூட ஆடிய பெண்கள் ஆடுவார்கள்; இவள் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். கதவுக்குப் பின்னால் அழுதது அதற்காக. முடியாது என்று சொல்ல அவளுக்கு இடமிருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

"தாத்தா லெட்டர் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டது ராஜலக்ஷ்மி.

"ஆபீஸ்ல ஃப்ரேம் போட்டு மாட்டட்டுமான்னு கேட்டாங்க. நோ சொல்லிட்டேன்."

மேஜையில் முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். ஸ்ரீநிவாஸ் என்று நினைக்கிறேன். எனக்கு நெய் ஊற்றினாள் மருமகள். கேட்காமலே ஊற்றினாள்.

அக்டோபர் முதல் வாரம் ஆபரேஷன் நடந்தது. நவம்பர் பன்னிரண்டாம் தேதி பள்ளியின் ஜிம்மில் கையெழுத்து. நீள மேஜைகளில் துணி விரித்து, பலூன் கட்டி, எட்டுப் பிள்ளைகள் அவரவர் கல்லூரித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். ப்ரியம்வதாவின் காலில் பட்டை கட்டியிருந்தது. ஓர் ஊன்றுகோல் மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தது. தாளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து, பெற்றவர் கையெழுத்து. சாட்சிக்கு இடமே இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் இப்படி ஒரு பத்திரமா என்று தோன்றியது. சொல்லவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

படம் எடுத்தவர் யாரோ ஒரு பையனின் தகப்பனார், நல்ல மனிதர். படம் அழகாக வர வேண்டும் என்று ஊன்றுகோலை எடுத்து மேஜைக்கு அடியில் வைக்கப் போனார்.

அது இருக்கட்டும் என்றேன். இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பதினான்கு வீடுகளுக்கும் நானே அனுப்பினேன். எந்த மூலையையும் வெட்டவில்லை. படத்தோடு, ஆகஸ்டில் அடிபட்டது, அக்டோபரில் ஆபரேஷன், அடுத்த வருடம் ஆடுவாள் என்று மூன்று வரி எழுதினேன். மாம்பலத்திலிருந்து ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார்கள். நான் சொல்ல விடவில்லை என்று எழுதினேன்.

பர்வதம் எழுதவில்லை. போன் செய்தாள்.

"எந்தக் காதுல வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இடது காதுலதான் அண்ணா," என்றாள். "படம் பாத்தேன். ஊன்றுகோல் நன்னா தெரியறது."